ஷெஃபின் பற்றவைக்காத அடுப்பு

அந்தச் சமையலறையில் அவருக்குக் கோபம் வராத பொருள் ஒன்றும் இருக்கவில்லை. கரட்டைத் தடிப்பாக வெட்டினால் கோபம். மெல்லிதாக வெட்டினால் அதைவிடக் கோபம். குளிரூட்டியின் கதவை முழங்கையால் சாத்தினால் கோபம். எல்லாவற்றையும் விட, கணக்கில்லாமல் பேசினால் கோபம்.

"எத்தனை வெங்காயம் உரிச்சனீ?"

"ஒரு இருபது இருக்கும், ஷெஃபின்."

"ஒரு இருபது எண்டு ஒண்டு இல்லை. இருபது எண்டு இருக்கு. பத்தொன்பது எண்டு இருக்கு. போய் எண்ணு."

பத்தொன்பதுதான் இருந்தது.

ஷெஃபின் என்றால் ஜேர்மன் மொழியில் முதலாளிப் பெண். அவர் முதலாளி இல்லை. ஜேர்மனியில் ரூர் ஆற்றுப் பக்கத்து நகரமொன்றில், யூத சமூகத்தினருடைய மண்டபத்தின் கீழ்த்தளத்தில் சமைப்பவர். நாங்கள்தான் அப்படிக் கூப்பிட்டோம். நாங்கள் என்றால் நானும், பாத்திரம் கழுவும் இயந்திரத்தைத் திருத்த அடிக்கடி வரும் ஒரு துருக்கியரும். ஷெஃபின் உக்ரைனிலிருந்து தொண்ணூறுகளில் வந்தவர். கட்டையான உருவம், ஆண்கள் போடும் கறுப்புச் சப்பாத்து, தலையில் எப்போதும் ஒரே நீலத் துணி. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எவ்வளவு மேல் என்று நான் கேட்கவில்லை. நான் குத்துமதிப்பாகச் சொல்லியிருந்தால் அதற்கும் திட்டியிருப்பார்.

எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. பள்ளிக்கூடத்தில் அகதிகள் வந்து இருந்தார்கள், பிறகு நானே அகதியானேன். ஜேர்மனிக்கு வந்த பிறகு பீட்சாக் கடை, ஆசுபத்திரிச் சலவை, கோழிப் பண்ணை, மறுபடி பீட்சாக் கடை. ஓரிடத்தில் இரண்டு வருடம் நிற்பது எனக்கு ஏலாத காரியம். ஷெஃபினிடம் இரண்டரை வருடம் நின்றேன். அதுதான் என் சாதனை.

எங்கள் இருவருடைய ஜேர்மனும் நொண்டி. அவருடையது ரஷ்ய மொழியில் உருண்டு வரும். என்னுடையது கடை அடுப்படிகளில் பொறுக்கியது. அவர் சொன்னவற்றை இங்கே எங்கள் ஊர்த் தமிழில் எழுதுகிறேன். அவருடைய கோபத்துக்கு அது நன்றாகவே பொருந்துகிறது.

முதல் நாள் என் பையில் சீஸ் வைத்த பாண் இருந்தது. அதைக் கண்ணால் காணுமுன் மூக்கால் கண்டுபிடித்துவிட்டார்.

"வெளியிலை."

"நானோ, பாணோ?"

"பாண். நீ கை கழுவிப்போட்டு உள்ளை வா. முழங்கை மட்டும் கழுவு."

அது இறைச்சிச் சமையலறை. பாலும் இறைச்சியும் அவர்கள் சட்டப்படி ஒன்றாகக் கூடாது. பால் சாமான் வாசற்படி தாண்டக்கூடாது. அந்தச் சட்டங்கள் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. முட்டையை ஒவ்வொன்றாகக் கண்ணாடிக் குவளையில் உடைத்து, இரத்தப் பொட்டு இருக்கிறதா என்று பார்ப்பார். வெந்தயக் கீரையைப் போல ஒரு மெல்லிய இலை போடுவார்கள், அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் புழு தேடுவார். மேற்பார்வைக்கு வரும் ரப்பி, அவர்களுடைய மதகுரு, கிழமையில் இரண்டு நாள் பக்கத்து நகரத்திலிருந்து வருவார். அவர் ஒரு தட்டைப் பார்த்து "சரி" என்று சொன்ன பிறகும் ஷெஃபின் அதை இன்னொரு தரம் பார்ப்பார்.

மூன்றாம் நாள் நான் கோழிக்கு உப்புப் போட்டேன். எங்கள் ஆட்கள் யாராவது கோழியைக் கண்டால் முதலில் செய்வது அதுதான், உப்பும் மஞ்சளும் போட்டுப் பிரட்டி வைப்பது. கை தானாகச் செய்தது. கோஷர்க் கோழி, அதாவது அவர்கள் முறைப்படி வெட்டிய கோழி, கடைக்கு வரும்போதே உப்பில் கிடந்து இரத்தம் வடிந்து வருகிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்? அறுபது தொடைத் துண்டு. ஷெஃபின் கரண்டி நுனியில் குழம்பை நக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

"இது கோழி இல்லை. கடல்."

உருளைக்கிழங்கு அவித்துப் போட்டு, தண்ணீர் மாற்றி, ஏதோ செய்து கரைசேர்த்தார். மேலே இருந்து சமூகத்தின் தலைவர் இறங்கி வந்து, யார் உப்புப் போட்டது என்று கேட்டார்.

"என்ரை சமையலறை," என்றார் ஷெஃபின். "என்ரை சமையலறையிலை நடந்தது." அவ்வளவுதான். பொய்யும் சொல்லவில்லை, என்னையும் காட்டிக்கொடுக்கவில்லை. தலைவர் போன பிறகு எனக்கு விழுந்த திட்டை எழுத இந்தப் பக்கங்கள் போதாது.

இப்படிப்பட்ட மனுசி ஒவ்வொரு நாள் காலையிலும் ஏழு மணிக்குக் கைகட்டிக்கொண்டு நிற்பார். எல்லாம் வெட்டி, கழுவி, பாத்திரத்தில் போட்டு அடுப்பில் ஏற்றியாகிவிட்டது. காஸ் அடுப்பு, எட்டு வாய். திருகியைத் திருப்பி நெருப்பைக் காட்டினால் போதும். திருப்பமாட்டார். என்னையும் திருப்ப விடமாட்டார். நான் முதலில் இது காஸ் சிக்கனம் என்று நினைத்தேன்.

ஏழு பத்துக்கு ஒருவன் வருவான். கைத்தொலைபேசிக் கடையில் வேலை செய்பவன், நாற்பது வயது. வரும் வழியில் பன்றி இறைச்சி வைத்த பாண் வாங்கி வருவான். மண்டபத்து வாசலில் பொலிஸ் காவல் கூண்டு ஒன்று இருந்தது. பாணை அந்தப் பொலிஸ்காரரிடம் கொடுத்துவிட்டு உள்ளே வருவான். எட்டுத் திருகிகளையும் திருகிப் பற்றவைப்பான். "நல்ல நாளாகட்டும்" என்பான். வெளியே போய்ப் பாணை வாங்கித் தின்றுகொண்டு வேலைக்குப் போவான். முழுதும் நாலு நிமிசம்.

ஒரு மாதம் பார்த்தேன். பிறகு கேட்டேன்.

"ஷெஃபின், இவன் ஏன் வாறான்?"

"நெருப்பு யூதர்தான் மூட்டவேணும். நீ மூட்டினால் அவையள் சாப்பிடக்கூடாது."

"நான் மூட்டக்கூடாது, விளங்குது. நீங்கள் மூட்டலாம்தானே?"

அவர் கரட்டை எடுத்து வெட்டத் தொடங்கினார். காசு மாதிரி வட்டம் வட்டமாக, ஒரே தடிப்பில்.

மத்தியானம், நான் சட்டி தேய்க்கும்போது, பின்னால் நின்று சொன்னார். தகப்பன் யூதர். தாய் இல்லை. அவர்கள் சட்டத்தில் தாய்வழிதான் கணக்கு. சோவியத் காலத்தில் அவருடைய அடையாளப் புத்தகத்தில் ஐந்தாம் வரியில் யூதர் என்றே எழுதியிருந்தது. அந்த வரியைப் பார்த்துப் பல்கலைக்கழகத்தில் இடமில்லை என்றார்கள். அந்த வரியைப் பார்த்து வீட்டுக் கதவில் தார் பூசினார்கள். அதே வரியைப் பார்த்துத்தான் ஜேர்மன்காரன் விசா கொடுத்தான். இங்கே வந்து இறங்கினால், சமூக அலுவலகத்தில் தாயின் பத்திரத்தைக் கேட்டார்கள். பார்த்துவிட்டு, மன்னிக்கவேண்டும், நீங்கள் யூதர் இல்லை என்றார்கள்.

"சமைக்கலாம் எண்டவை," என்றார். "நெருப்பு மட்டும் ஏலாதாம்."

எனக்கு உடம்பு சூடேறியது. இப்போது எழுதும்போதும் ஏறுகிறது. ஒரு மனுசியை யூதர் என்று சொல்லி அடிக்கலாம், யூதர் இல்லை என்று சொல்லி அடுப்பைத் தொடவும் விடாமல் வைக்கலாம். இரண்டும் ஒரே மனுசிக்கு. பன்றியைத் தின்றுகொண்டு வருகிறவனுக்கு எட்டு வாயும் திறக்கும், முட்டையில் இரத்தப் பொட்டுத் தேடுகிறவருக்கு ஒரு வாயும் இல்லை. அவன் கெட்டவன் இல்லை. எனக்கு இரண்டு தரம் தொலைபேசித் திரை சும்மா மாற்றித் தந்தவன். ரப்பியும் நல்ல மனிதர். அதுதான் இன்னும் எரிச்சல். திட்டுவதற்குக்கூட ஒரு பொல்லாத ஆள் அகப்படவில்லை.

"ரப்பியிட்டைச் சொல்லுங்கோவன்."

"சொல்லியிருக்கிறார். படிச்சுச் சோதினை எழுதி யூதராய் மாறலாமாம். தானே படிப்பிக்கிறாராம்."

"அப்ப மாறுங்கோவன்."

கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எதிலையிருந்து?" என்று கேட்டார். "எதிலையிருந்து எதுக்கு மாறுறது? சொல்லு."

என் கதை ஒன்றைத்தான் சொன்னேன். முன்பு ஒரு நகரத்தில் எங்கள் ஆட்களுடைய சிறிய கோயில் ஒன்றில் திருவிழாவுக்கு அன்னதானம் சமைக்கப் போனேன். கத்தியை எடுத்துப் பூசணிக்காயில் வைத்ததும் ஒரு அண்ணை பக்கத்தில் வந்து, மெல்லமாக, சிரித்துக்கொண்டு கேட்டார். தம்பி எந்த ஊர்? ஊரிலை எந்தக் குறிச்சி? ஆரின்ரை மகன்? மூன்றாவது பதிலோடு, தம்பி வெளியிலை கார் நிப்பாட்டுற இடத்தைப் பாருங்கோ, உதவியாய் இருக்கும் என்றார். ஜேர்மனியில். பனி கொட்டுகிற நாட்டில், யாருக்கும் காணியும் கிணறும் இல்லாத இடத்தில்.

ஷெஃபினுக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டும். தன் கதையைக் குரல் உயர்த்தாமல் சொன்னவர், என் கதைக்கு மேசையில் அடித்தார்.

"நீ கத்தியை வைச்சிட்டு வந்தனியோ?"

"என்ரை கத்தி. கொண்டு வந்திட்டன்."

"நல்லது," என்றார். "நல்லது. கத்தியை விடக்கூடாது."

அன்றிலிருந்து என்னைக் "கொலேகா" என்று கூப்பிடத் தொடங்கினார். கூட்டாளி என்று பொருள். திட்டு குறையவில்லை.

பற்றவைத்த நெருப்பை நாள் முழுக்க அணைக்கமாட்டோம். மூலையில் ஒரு வாயை நுனி நீலத்தில் எரியவிட்டு, மற்ற வாய்களுக்கு அதிலிருந்து எடுப்போம். அணைந்தால் நெருப்புக்காரனைத் திரும்பக் கூப்பிடவேண்டும். அதனால் ஷெஃபின் அந்த மூலைக்குப் போகும் வழியில் கதவு திறக்க விடமாட்டார், காற்று வந்துவிடுமாம். ஒரு தரம் என் சூப் பொங்கி அதில் வழிந்து அணைந்துபோனது. இரண்டு மணித்தியாலம் பச்சைக் கோழியைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் வாங்கில் இருந்தோம். அவர் அன்று திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவருடைய கோழி என்றால் அது புதுவருடக் கோழி. யூதர்களுடைய புதுவருடம் இலையுதிர் காலத்தில் வரும். அன்றைக்கு இனிப்பாகச் சாப்பிடவேண்டும், வருடம் இனிப்பாக இருக்கும் என்று. வெங்காயத்தை எண்ணெயில் ஒரு மணித்தியாலம், கருகாமல், தேன் நிறம் வரும்வரை. பட்டர் கூடாது, அது பால். கோழித் தொடையைத் தனியே தோல் மொறுக வாட்டி எடுத்து வெங்காயத்தின் மேல் அடுக்கவேண்டும். காசு வட்டக் கரட், உலர்ந்த பிளம்ஸ், உலர்ந்த அப்ரிக்கொட். கறுவா இலை போல ஒரு இலை, அதில் இரண்டு. தேன். கடைசியில் எலுமிச்சம்புளியும், நான் போடுவதை விட அதிகமான மிளகும். முதலில் கேட்டபோது கோழியில் தேனா என்று முகம் சுளித்தேன். பிறகு சட்டியின் அடியை வழித்து நக்கினேன். இனிப்பு முன்னால் வரும், உறைப்பும் புளிப்பும் பின்னால் வந்து தோளில் தட்டும்.

அது தகப்பனின் சமையல். தகப்பன் ட்ராம் வண்டித் திருத்துநர். வருடத்தில் ஒரு நாள் யன்னல் சீலையை இழுத்து மூடிவிட்டு, தானே சமைப்பாராம். பக்கத்து வீட்டுக்காரர் மணத்துக்கு வந்து கதவைத் தட்டினால், சும்மா கோழி, விசேசம் ஒன்றும் இல்லை என்பாராம். தகப்பனிடமிருந்து மூக்கு வந்தது, பெயர் வந்தது, அடி வந்தது, இந்தக் கோழியும் வந்தது. சட்டத்துக்குத் தேவையான அந்த ஒன்று மட்டும் அவரிடமிருந்து வராதாம்.

நான் நின்ற கடைசி வருடம், புதுவருடத்துக்கு முதல் நாள். மாலை இருட்டுவதோடு பண்டிகை தொடங்கும். அதன்பிறகு புது நெருப்பு மூட்டவே கூடாது. நூற்றிருபது பேருக்குச் சாப்பாடு. எட்டுச் சட்டியும் அடுப்பில் இருக்கிறது. ஏழு பத்துக்கு அவன் வரவில்லை. எட்டுக்கும் வரவில்லை. ஒன்பதுக்குத் தொலைபேசியில் செய்தி வந்தது. காய்ச்சலாம், படுக்கையாம், மன்னிக்கட்டாம். ரப்பியின் தொலைபேசி மணி அடித்து அடித்து நின்றது. தலைவர் விருந்தாளிகளை அழைத்துவர விமான நிலையத்துக்குப் போயிருந்தார். பத்து மணி. பத்தரை.

நான் சட்டைப்பையிலிருந்து லைட்டரை எடுத்தேன். "ஷெஃபின். கதவைச் சாத்துங்கோ. நீங்களே மூட்டுங்கோ. ஆருக்குத் தெரியப் போகுது?"

என் கையில் ஓங்கி அடித்தார். லைட்டர் வாளிக்குள் விழுந்தது.

"எனக்குத் தெரியும்," என்றார். "நூற்றிருபது பேர் என்னை நம்பிச் சாப்பிடுகினம்."

"அவையள் உங்களை நம்பேல்லையே. நம்பியிருந்தால் நெருப்பைத் தந்திருப்பினம்."

"வாயை மூடு, கொலேகா."

மேல்தளத்து வாசிப்பறையில் சதுரங்கம் விளையாட ஒரு கிழவர் வருவார், தொண்ணூறுக்குக் கிட்ட. அன்று வெள்ளெனவே வந்து எதிராளிக்காகக் காத்திருந்தார். ஷெஃபின் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு, படியில் ஒவ்வொரு காலாக, புறுபுறுத்தபடி இறங்கினார். தனக்கும் கடவுளுக்கும் எழுபது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை என்றார். அது பரவாயில்லை, உங்கள் தாய் யூதர்தானே என்றார் ஷெஃபின். ஓம், அதிலென்ன சந்தேகம் என்றார் கிழவர். திருகியைத் திருப்ப அவருக்கு விரலில் பலம் காணாது. இரண்டு கையாலும் பிடித்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பற்றவைத்தார். ஐந்தாவதில் மூச்சு வாங்கி நின்று, ஷெஃபினைப் பார்த்து உரத்துக் கேட்டார். காது கேளாதவர்.

"பிள்ளை, நீயே இதைச் செய்யலாமே. என்னை ஏன் இழுத்தனீ?"

ஷெஃபின் இரண்டு கைகளையும் ஏப்ரனில் துடைத்தார். காய்ந்த கைகள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"கை ஈரமாய் இருக்கு," என்றார்.

அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பொய் அதுதான்.

கோழி பொழுதுபடுமுன் வெந்தது. மேலே கண்ணாடிக் குவளைகளும் மெழுகுதிரிகளும். நாங்கள் பரிமாறும் யன்னலுக்குப் பின்னால். தலைவர் எழுந்து பேசினார். இன்றைக்கு ஒரு அற்புதம் நடந்தது, எங்கள் மூத்தவர் ஒருவர் படியிறங்கிப் போய் எங்கள் பண்டிகைக்கு நெருப்பு மூட்டினார், அவர் இல்லாவிட்டால் இன்றைக்குக் கோழி இல்லை என்றார். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். கிழவர் எழும்பாமல், உப்புப் போதுமா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். சமையலறைக்கும் நன்றி என்றார் தலைவர். சமையலறைக்கு. சுவருக்கும் ஓட்டுக்கும் நன்றி சொல்வது போல. நான் கையில் இருந்த தட்டத்தை இரும்பு மேசையில் போட்டேன். சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"எடு அதை," என்றார் ஷெஃபின். "நெளிஞ்சுபோயிருக்கும்."

அந்தக் குளிர்காலம் நான் வேலையை விட்டேன். அவருக்கு அப்படி விட ஏலாது. அடுத்த வருடம் அவர்கள் சமையலறையை மூடி, வெளியூரிலிருந்து பிளாஸ்டிக் தட்டில் அடைத்து முத்திரை குத்தி வருகிற சாப்பாட்டுக்கு மாறினார்கள் என்று துருக்கியர் சொன்னார். நெருப்புப் பிரச்சினை தீர்ந்தது. கோழியும் தீர்ந்தது.

டோர்ட்மண்டில் எனக்குத் தெரிந்த ஒருவரின் தோட்டத்துண்டு அப்போது என் பொறுப்பில் இருந்தது. ஒரு தகரக் கொட்டில், நாலு தக்காளிக் கன்று, ஒரு வாய்க் காஸ் அடுப்பு, சிலிண்டர். அவர்களுடைய புதுவருடக் கிழமையில், பண்டிகை நாள் கழிந்த பிறகு, ஷெஃபினைக் கூப்பிட்டேன். மூன்று பஸ் மாறி வந்தார், அதே சப்பாத்து, அதே நீலத் துணி. வாசலிலேயே தக்காளிக்குக் கம்பு நட்டது சரியில்லை என்றார்.

கோழி கோஷர்க் கோழி. டூசல்டோர்ஃப் வரை போய் வாங்கினேன். முத்திரையை உடைக்காமல் வைத்திருந்தேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு அதை வாசித்தார். சட்டி புதிது, கத்தி புதிது, கரண்டி புதிது, கடை விலைத் துண்டு இன்னும் ஒட்டியிருந்தது. கரட்டை அவர் வெட்டினார். வெங்காயத்தை நான் எண்ணி உரித்தேன். பிளம்ஸைப் பார்க்க அவர் யன்னலடிக்குப் போன நேரம் கோழியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து வைத்தேன். பிறகு லைட்டரை நீட்டினேன்.

"மூட்டுங்கோ."

அவர் கைகட்டிக்கொண்டார். காலை ஏழு மணி மாதிரி.

"இஞ்சை தலைவர் இல்லை, ஷெஃபின். ரப்பி இல்லை."

"சட்டம் இருக்கு."

"நூற்றிருபது பேரும் இல்லை. சாப்பிடப் போறது நானும் நீங்களும். எனக்கு ஆர் மூட்டினாலும் சரி."

பக்கத்துத் தோட்டத்தில் யாரோ புல் வெட்டினார்கள். அந்த இயந்திரம் நின்ற பிறகும் அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, வெங்காயம் எண்ணும் குரலில், ஒவ்வொன்றாக வைத்தார்.

"நான் யூதப் பெண் எண்டால், நான் மூட்டின நெருப்பு சரி. சாப்பிடலாம்."

"ஓம்."

"நான் யூதப் பெண் இல்லையெண்டால், அந்தச் சட்டம் எனக்கு இல்லை. அப்பவும் சாப்பிடலாம்."

"ஓம்."

"மூண்டாவது ஒண்டு இல்லை," என்றார். லைட்டரை என் கையிலிருந்து பிடுங்கினார்.

சுவாலை புஸ் என்று வந்தது. வெங்காயம் ஒரு மணித்தியாலம். அதைவிட்டு அவர் அசையவில்லை. இலையைப் போட்டார், தேனைப் போட்டார், என்னை மிளகு இடிக்கச் சொன்னார், இடித்தது போதாது என்றார். மடக்கு மேசையில் இரண்டு தட்டு வைத்தேன். அவர் முதல் துண்டை வாயில் வைத்து மென்றார். கரண்டியைக் கீழே வைத்தார்.

"கழுவுற சாட்டிலை உப்புப் போட்டனீ."

கை தானாகச் செய்திருந்தது.

"கடல்," என்றார். இரண்டாவது துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். மூன்றாவதையும்.

சாப்பிட்டு முடிய நான் பழக்கத்தில் அடுப்பைக் குறைத்து, நுனி நீலத்தில் எரியவிட்டேன். அவர் எழுந்து வந்தார். திருகியை முழுதாகப் பூட்டி அணைத்தார். பூட்டிய திருகியில் கையை வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, தேத்தண்ணி வைக்கவேணும் என்று சொல்லி, லைட்டரை எடுத்துத் திரும்பவும் மூட்டினார்.